ஆட்சேபம் உள்ளவர்கள் பெயரோடு சொல்லவும்

நாமக்கல்
23.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். நான் நலம். அத்தா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா, அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

கடிதமா என்று சிரிப்பீர்கள். இந்தப் பயிற்சி மைய விடுதியில் போனுக்குத் தடை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வார்டன் மேஜையருகே நின்று பேசலாம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும். பின்னால் வரிசை நிற்கும். "சாப்டியா, படிச்சியா" தவிர வேறு எதுவும் பேச முடியாது. கடிதத்தை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. இந்தக் காலத்தில் கடிதத்தில் என்ன எழுதிவிடப் போகிறாள் என்று விட்டுவிட்டார்கள் போல.

அறையில் மூன்று பேர். நர்மதாவுக்கு ராசிபுரம், வீட்டில் தறிப் பட்டறை. சௌமியாவுக்குத் திருச்செங்கோடு. அவள் அப்பா ரிக் வண்டி வைத்துக்கொண்டு ஆந்திரப் பக்கம் போர் போடுகிறார். மூவரும் நீட்டில் ஒரு முறை தோற்றவர்கள். அதனால் ஒற்றுமையாக இருக்கிறோம்.

தேர்தல் முடிவும் என் நீட் முடிவும் ஒரே நாளில் வந்தன. அத்தா இரண்டைப் பற்றியும் பேசவில்லை. பிரச்சாரத்தில் நம்மைப் பற்றிப் பேசிய பேச்சுகளை டிவியில் கேட்டுக்கொண்டேதான் நான் தேர்வுக்குப் படித்தேன். இங்கே வந்தால் அதெல்லாம் காதில் விழாது என்று நினைத்தேன். முதல் வாரமே சாப்பாட்டு வரிசையில் பின்னால் நின்ற ஒருத்தி கேட்டாள்: "உங்காளுங்க அத்தனை பேரும் ஒட்டுக்கா ஒரே பக்கம் ஓட்டுப் போட்டுட்டீங்களாமா?" எனக்கு ஓட்டே இல்லை, இப்போதுதான் பதினெட்டு முடிந்தது என்றேன். "உன்னையச் சொல்லல, உங்க ஊட்டைச் சொன்னேன்" என்றாள். சௌமியா திரும்பி, "ஏன்டி, உங்க ஊட்டுல மட்டும் ஆளுக்கொரு பக்கம் போட்டீங்களாக்கும்? உங்கப்பன் காட்டுன பக்கந்தான போட்டீங்க?" என்றதும் வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று படித்த எதுவும் மண்டையில் ஏறவில்லை.

வெளியே எப்படி இருக்கிறது? இங்கே செய்தித்தாளில் கல்விப் பக்கத்தை மட்டும் கிழித்துப் பலகையில் ஒட்டுகிறார்கள்.

அஸ்தம்பட்டியில் வீடு அமைந்ததா? வரப்போகிற மதினி வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் அங்கேதானே. ஜனவரியில் நிக்காஹ் என்றால் இப்போதே பிடித்துவிடுங்கள்.

தங்கை
ஷைமா


சேலம், செவ்வாய்ப்பேட்டை
4.7.2024

அன்புத் தங்கச்சி ஷைமாவுக்கு,

அண்ணனின் ஸலாமும் துஆவும். எல்லோரும் நலம். ஞாயிறன்று உன் அறைக்காரப் பிள்ளைகள் நெய்ச்சோற்றுச் சட்டியை வழித்துத் துடைத்ததை அம்மா நம் மளிகைக் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். "திருச்செங்கோட்டுப் புள்ளை மூணாவது தடவை கேட்டுச்சு" என்று ஒரே பெருமை. அடுத்த தடவை பெரிய சட்டியாம்.

எவளோ வரிசையில் கேட்டதற்கெல்லாம் மண்டையைக் குழப்பிக்கொள்ளாதே. தேர்தல் முடிந்தால் பேச்சும் முடிந்தது. நம் கடைக்கு எப்போதும் வருகிறவர்கள் எப்போதும் போலத்தான் வருகிறார்கள். நீ படிக்கப் போனாய், படி.

பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் அத்தாவுக்குப் பதில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். உன் வாரத் தேர்வு மார்க் அதில் வருகிறது. மீதி நேரமெல்லாம் ரோஜாப்பூவும் குட்மார்னிங்கும்தான்.

வீடு அமைந்த மாதிரிதான். ஏற்காடு ரோட்டைத் தாண்டி உள்ளே ஒரு மாடி வீடு. நல்ல காற்று. உரிமையாளர் பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், காபி கொடுத்து உட்கார வைத்துப் பேசினார். அடுத்த வாரம் அட்வான்ஸ். நீ விடுமுறைக்கு வரும்போது உனக்குத் தனி அறை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
ஷாஹுல்


நாமக்கல்
29.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். நான் நலம். அம்மா நேற்று வந்துவிட்டுப் போனதைச் சொன்னாரா? என்ன சொன்னார்?

நடந்ததை நான் சொல்கிறேன். பார்வையாளர் ஞாயிறு என்றால் மைதானத்து வேப்பமரத்தடியில் எல்லாக் குடும்பமும் பாய் விரித்து உட்காரும். பிள்ளைகள் ஒரு பாயிலிருந்து இன்னொரு பாய்க்குப் போய்ச் சாப்பிடுவார்கள். போன மாதம் நம் பாயில்தான் கூட்டம். நேற்றும் நர்மதா தட்டோடு வந்து உட்கார்ந்தாள். அம்மா கரண்டியை எடுத்தார். அவள் அம்மா பின்னாலேயே வந்து தட்டைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "உனக்கு வயிறு சரியில்லைல்ல சாமி, எந்திரி. தப்பா எடுத்துக்காதீங்க, புள்ளைக்கு ரெண்டு நாளா வயிறு சரியில்லைங்க."

நர்மதாவின் வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. காலையில் ஐந்து இட்லி தின்றாள்.

மற்ற பாய்களிலிருந்தும் ஒருவரும் வரவில்லை. சௌமியாவின் வீட்டிலிருந்து இந்த மாதம் ஆள் வராததால் அவள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா சிரித்துக்கொண்டே சட்டியை மூடினார். பெரிய சட்டி, அண்ணா. அதைப் பார்க்க முடியாமல் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

ஒரே நாளில் எல்லா அம்மாக்களுக்கும் ஒரே எண்ணம் எப்படி வரும்? வெளியே ஏதோ நடந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை. குரூப்பில் என்ன வந்தது? எழுதுங்கள்.

ஷைமா


சேலம்
21.8.2024

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். எல்லோரும் நலம். ஆவணி முகூர்த்தச் சரக்கு வந்து இறங்குவதால் உடனே எழுத முடியவில்லை.

குரூப்பில் ஒன்றும் இல்லை. இது வயிற்றுப்போக்குக் காலம், அதனால் பயந்திருப்பார்கள். வாரத் தேர்வில் நீ இறங்கிக்கொண்டே போகிறாய். அதைக் கவனி.

இந்த மாதம் அம்மாவால் வர முடியாது, முழங்கால். பிஸ்கட், கடலை மிட்டாய், ரஸ்க் எல்லாம் கம்பெனி பாக்கெட்டாகவே அனுப்புகிறேன். பிரிக்காமல் அப்படியே பிள்ளைகளுக்குக் கொடு.

அஸ்தம்பட்டி வீடு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். தண்ணீர் வசதி இல்லை.

அண்ணன்
ஷாஹுல்


நாமக்கல்
1.9.2024

அண்ணனுக்கு,

ஸலாம். பாக்கெட்டுகள் வந்தன. பிரிக்காமல் கொடு என்று நீங்கள் எழுதியதை எத்தனை முறை படித்தேன் தெரியுமா? அது என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கும் தெரிந்துவிட்டது. சௌமியா எதையும் மென்று விழுங்கத் தெரியாதவள். கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டாள்: "ஏன்டி ஷைமா, உங்க ஊட்டுல சோத்துல எச்சி துப்பித்தான் அடுத்தவங்களுக்குக் குடுப்பீங்களாமா? குரூப்புல ஒரு வீடியோ சுத்துதாம். எங்கப்பன் போன்ல கேக்குது." அவளே சொன்னாள்: "நான் சொல்லிட்டேன். போன மாசத்துக்கு முந்துன மாசம் மூணு தட்டு தின்னேன், இன்னும் கல்லாட்டந்தான் இருக்கறேன். எங்கம்மா வெக்கற கொழம்புலதான் எனக்கு வயிறு போவுதுன்னு."

நர்மதா சுவர்ப் பக்கம் திரும்பிப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

அண்ணா, நீங்கள் அந்தக் குரூப்பில் இருக்கிறீர்கள். அந்த வீடியோவைப் பார்த்தீர்கள். "ஒன்றும் இல்லை" என்று எனக்கு எழுதினீர்கள். என்ன பதில் போட்டீர்கள்? பதில் போட்டீர்களா?

இரவு தூக்கம் இல்லை. கேள்வித்தாளைப் பார்த்தால் எழுத்து தெரிகிறது, பொருள் தெரியவில்லை. நாளை நான் டாக்டரானால் என் கையால் கொடுக்கும் மருந்தை இவர்கள் வாங்கிக்கொள்வார்களா என்று யோசிக்கிறேன். இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லாதீர்கள்.

அஸ்தம்பட்டி மாடி வீட்டில் தண்ணீர் இல்லை என்பதையும் நான் நம்பவில்லை.

ஷைமா


சேலம்
12.9.2024

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். அத்தா நலம். அம்மா நலம்.

வீடியோவைப் பார்த்தேன். ஒரு பிள்ளையின் அப்பா அனுப்பினார். எங்கோ எடுத்தது, யார் என்றும் தெரியாது. "பிள்ளைகள் விஷயத்தில் உஷாராக இருங்கள்" என்று கீழே எழுதியிருந்தார். நிறையப் பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். நான் எதுவும் எழுதவில்லை. குரூப் முழுக்க அவர்கள், நான் ஒருவன். நான் ஒரு வார்த்தை எழுதினால் மறுநாள் அது உன் தலையில் விழும். நீ அங்கே தனியாக இருக்கிறாய். கோபப்படுவது எனக்கு எளிது, விளைவை நீதான் சுமக்க வேண்டும்.

மே மாதம் வரை வாயை மூடிக்கொண்டு படி. நீ நிம்மதியாக இருக்க என்ன செய்ய வேண்டுமோ அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன்
ஷாஹுல்


நாமக்கல்
22.9.2024

அண்ணனுக்கு,

ஸலாம். உடம்பு நன்றாக இருக்கிறது. வேறு எதுவும் நன்றாக இல்லை.

வியாழக்கிழமை வார்டன் சாரதாமணியம்மா வந்து, "ஷைமா, பெட்டியை எடுத்துக்க சாமி, உனக்கு ரூம் மாத்தியாச்சு" என்றார். மாடியில் கடைசி அறை. தண்ணீர்த் தொட்டிக்கு அடுத்தது. போனால் அங்கே கெங்கவல்லியிலிருந்து வந்து படிக்கும் கௌசியா தன் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். அவளையும் அன்று காலைதான் இரண்டாம் மாடியிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறார்கள். விடுதியில் முஸ்லிம் பெண்கள் நாங்கள் இருவர்தான். அறையில் மூன்று கட்டில். மூன்றாவது கட்டில் காலி. மற்ற அறைகளில் இடம் போதாமல் தரையில் மெத்தை போட்டுப் படுக்கிறார்கள். இங்கே ஒரு கட்டில் காலியாகக் கிடக்கிறது.

நர்மதாவின் அம்மாதான் கேட்டிருக்க வேண்டும். நேராகக் கீழே போனேன். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டேன். "உங்கம்மாதானே சொல்லி மாத்த வெச்சாங்க?" "சத்தியமா இல்லடி" என்று அழுதாள். நான் விடவில்லை. "உங்க தறிச் சேலையை எங்காளுங்க கடையில வாங்கி விக்கறப்ப மட்டும் ஒட்டிக்காதா?" என்று கத்தினேன். எனக்குத் திருப்தியாக இருந்தது.

பயிற்சி மைய முதல்வருக்கு அவள் அம்மாவின் பெயரைப் போட்டே புகார் எழுதப் போகிறேன். இருபத்தொன்பதாம் தேதி நீங்கள் வர வேண்டும். கூட நின்று கொடுக்க வேண்டும்.

ஷைமா


நாமக்கல்
15.10.2024

அண்ணன் ஷாஹுலுக்கு,

அத்தா, அம்மா நலமா? உங்களை நான் விசாரிக்கவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி அத்தா மட்டும் வந்தார். உங்களுக்குக் கடையில் வேலை என்றார். கடிதமும் இல்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு முதல்வரிடம் சேர்க்கச் சொல்லி நேற்று நானே புகாரை வார்டனிடம் கொண்டுபோனேன். வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரு மேல எழுதிக் கொண்டாந்திருக்கற?"

"நர்மதா அம்மா மேலம்மா."

"அந்தம்மா எங்கிட்ட ஒண்ணுமே கேக்கல சாமி. உங்கண்ணன்தான் போன் பண்ணுனாரு. எந்தங்கச்சியை அவங்க சாதி சனத்துப் புள்ளைகூட ஒரே ரூம்புல போட்டுருங்க, யாருக்கும் தொந்தரவு வேண்டாமுன்னாரு. நானாப் பண்ணுவனா? பெத்தவங்க கேட்டா நாங்க செஞ்சுதான குடுக்கோணும்?"

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீங்களா?

ஷைமா


சேலம்
23.10.2024

அன்புத் தங்கச்சி ஷைமாவுக்கு,

ஸலாம். தீபாவளி விடுமுறைக்கு நீ வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். நேரில் எனக்குச் சொல்ல வராது.

அந்த மாடி வீட்டில் நல்ல தண்ணீர் வந்தது. அட்வான்ஸ் கொடுக்கப் போனேன். உரிமையாளர் ரசீதுப் புத்தகத்தை எடுத்து, "தம்பி பேரு?" என்றார். அதுவரை வீட்டுத் தரகர் அப்புசாமி என்னைச் 'செவ்வாய்ப்பேட்டை மளிகைக்காரர்' என்றுதான் சொல்லியிருந்தார். பெயரைச் சொன்னேன். பேனாவை மூடினார். "எனக்கு ஒண்ணும் இல்லைங்க தம்பி. கீழ் போர்ஷன்காரங்க ஒத்துக்க மாட்டாங்க. சுத்த சைவம்." சைவமே சமைக்கிறோம் என்று சொன்னேன், ஷைமா. அதையும் சொல்லிப் பார்த்தேன். "அதில்லைங்க, இப்ப இருக்கற நெலமையில..." என்று இழுத்தார். காபி டம்ளர் என் முன்னால் பாதியில் இருந்தது. குடித்து முடிப்பதா வைத்துவிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்துப் பார்த்த வீடுகளிலும் அதுதான். கடைசியில் அப்புசாமியே போனில் சலித்துக்கொண்டார். "ஏனுங்க, நீங்க இன்ன ஆளுன்னு மொதல்லயே சொல்லிப்போட்டு வரோணுமுங்க. எனக்கும் பேரு கெடுதில்ல." அவருக்குப் பெயர் கெடுகிறதாம். நான் மன்னிப்புக் கேட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாராவது ஒதுக்குவதற்கு முன்னால் நானே ஒதுங்கிவிடுவது. டீக்கடை பெஞ்சில்கூட ஓரமாக உட்காருகிறேன். நானே தள்ளிப் போனால் என்னை யாரும் தள்ளவில்லை அல்லவா? அந்த நினைப்போடுதான் வார்டனுக்குப் போன் செய்தேன். இன்றைக்குத் தட்டைப் பிடுங்கியவர்கள் நாளைக்கு அறையை விட்டுப் போ என்பார்கள், அதை நீ கேட்கக் கூடாது என்று நினைத்தேன். நர்மதா வீட்டார் மேல் நீ சந்தேகப்படுவாய் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றிய பிறகு எழுதக் கை வரவில்லை.

நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்.

அண்ணன்
ஷாஹுல்


நாமக்கல்
10.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். நலம். மூன்று நாள் வீட்டில் இருந்தேன். இதைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் ஏற்றிவிட்டபோது ஜன்னல் வழியாக ஏதோ சொல்ல வந்தீர்கள், பஸ் கிளம்பிவிட்டது. பரவாயில்லை, எழுதுவோம்.

அவர்கள் தள்ளியிருந்தால் நான் அவர்களோடு சண்டை போட்டிருப்பேன். நீங்கள் தள்ளியதால் யாரோடு சண்டை போடுவது என்று தெரியாமல் நின்றேன். அதுதான் எனக்குக் கோபம். வீடு கிடைக்காததை நீங்கள் முதலிலேயே எழுதியிருந்தால் இந்த நான்கு மாதம் நான் தனியாகப் பயந்திருக்க மாட்டேன். சேர்ந்து பயந்திருப்போம்.

நர்மதாவிடம் போனேன். எல்லோர் முன்னாலும் கத்தியதால் எல்லோர் முன்னாலும் சொன்னேன், தப்பு என்னுடையது என்று. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்கம்மா தட்டைப் புடுங்குனது தப்பு. அன்னிக்கே எனக்குத் தெரியும். நீ பேசுனதும் தப்பு. ரெண்டையும் நேர் பண்ணிக்கலாம்னு நெனைக்காத. ரெண்டும் தனித்தனி." நியாயமாகத்தான் பட்டது. பிறகு வேதியியல் நோட்டைக் கொடுத்தாள்.

பழைய அறைக்குத் திரும்பக் கேட்டேன். வார்டன் சொன்னது இது: "இப்ப அப்படிச் சட்டுன்னு மாத்த முடியாது சாமி. நாளைக்கு யாராச்சும் ஆட்சேபம் பண்ணுனா ஆபீஸ்ல என்னையக் கேப்பாங்க. பெத்தவங்க சம்மதம் வேணும்." வெளியே போக உங்கள் ஒரு போன் போதுமானதாக இருந்தது. உள்ளே வர எல்லாப் பெற்றோரின் சம்மதமும் வேண்டுமாம். எங்கே கேட்பது என்றால், "அதான் குரூப் இருக்குதுல்ல, உங்கண்ணனை அதுல போடச் சொல்லு."

போடுங்கள். கைகூப்பாமல் எழுதுங்கள்.

ஷைமா


சேலம்
27.11.2024

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். எல்லோரும் நலம். போட்டுவிட்டேன்.

எழுதி எழுதி அழித்தேன். அத்தா பார்த்துவிட்டு, "என்னடா எழுதுற?" என்றார். சொன்னேன். "எங்கூட்டுப் புள்ளைன்னு போடு. மீதி ஒன் இஷ்டம்" என்றார். கடைசியில் இப்படி எழுதினேன்:

"நான் ஷாஹுல், ஷைமாவின் அண்ணன். செவ்வாய்ப்பேட்டையில் மளிகைக் கடை. எங்கள் வீட்டுப் பிள்ளையைத் தனி அறைக்கு மாற்றச் சொன்னது நான்தான். அது தவறு. அவள் பழைய அறைக்குத் திரும்ப வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கேயே பெயரோடு சொல்லவும்."

எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் எழுதவில்லை. வீடியோ அனுப்பியவரும் பார்த்தார். மறுநாள் காலையில் யாரோ ரோஜாப்பூ அனுப்பினார்கள். மதியம் சௌமியாவின் அப்பா ரிக் ஓடும் சத்தத்துக்கு நடுவில் குரல் பதிவு அனுப்பினார். "எனக்கென்னுங்க ஆட்சேபம்? எம்புள்ள அந்த ரூம்புல பேச ஆளில்லைன்னு தெனமும் பொலம்பறா. வரச் சொல்லுங்க. பேரு மணிமாறனுங்க, எழுதிக்கங்க."

நர்மதாவின் அம்மா தனியாகப் போன் செய்தார். "தம்பி, எனக்கு ஒண்ணும் இல்லைங்க. ஆனா குரூப்புல போட்டா எங்க சொந்தக்காரங்க பாப்பாங்க." எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, "அப்ப ஆட்சேபம்னாவது போட்டுருங்கக்கா. ஏதோ ஒண்ணு உங்க பேருல இருக்கட்டும்" என்றேன். வைத்துவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் குரூப்பில் ஒரே சொல் வந்தது: சம்மதம். கீழே அவர் பெயர். ஆட்சேபம் என்று ஒருவரும் எழுதவில்லை. வார்டன் அம்மா கட்டைவிரல் போட்டார்.

நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போ.

அண்ணன்
ஷாஹுல்


நாமக்கல்
8.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். நான் நலம். அத்தாவுக்கும் அம்மாவுக்கும் என் ஸலாம் சொல்லுங்கள். மதினிக்கும்.

உங்கள் கடிதத்தைச் சௌமியாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் அப்பா பேசிய இடத்தை இரண்டு முறை கேட்டாள். நர்மதா என் பழைய கட்டிலில் கிடந்த அவள் துணிகளை எடுத்து மடித்து வைத்தாள். போன ஞாயிற்றுக்கிழமை மாறுவதாக இருந்தது.

அதற்கு முந்தைய நாள் நான் பெட்டி கட்டும்போது கௌசியா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அதிகம் பேசமாட்டாள். அவள் அப்பா மரவள்ளிக்கிழங்கு லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். பட்டன் போன் வைத்திருக்கிறார், குரூப்பில் இல்லை. அவளை ஏன் இங்கே மாற்றினார்கள் என்று அவளுக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

"ஒங்க அண்ணன் ஒனக்காகக் கேட்டாரு, சரி. என்னை எதுக்குக்கா கெளப்புனாங்க?"

மடித்த துணியைப் பெட்டிக்குள் வைக்காமல் கட்டிலில் வைத்தேன்.

"நீ போய்ட்டா, மூணு கட்டில்ல நான் ஒருத்தியா?"

இவ்வளவு சண்டை போட்ட எனக்கு அது ஒரு நாள்கூடத் தோன்றவில்லை, அண்ணா. உங்களுக்கும் தோன்றவில்லை. நாம் இருவரும் நம் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கேட்டிருக்கிறோம்.

வார்டனிடம் போனேன். "அந்தப் புள்ளைக்கு யாரும் கேக்கலையே சாமி" என்றார். அது உண்மைதான். அவளுடைய பழைய அறையில் இப்போது வேறு நான்கு பெற்றோர் இருக்கிறார்களாம், அவர்களும் சம்மதிக்க வேண்டுமாம்.

நான் மாறவில்லை. பெட்டியைப் பிரித்துவிட்டேன். அவளும் மாறும் வரை இங்கேயேதான் இருப்பேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். சௌமியா, "லூசாடி நீ?" என்று கேட்டுவிட்டு, சாயங்காலப் படிப்பு நேரத்துக்கு இங்கே வந்து அந்தக் காலிக் கட்டிலில் உட்காருகிறாள். வார்டன் ஒரு நாள் அதட்டிவிட்டு விட்டுவிட்டார். பயம் போகவில்லை. ஆனால் கேள்வித்தாளில் பொருள் தெரிகிறது.

குரூப்பில் மறுபடியும் எழுதுங்கள். அவள் அப்பாவிடம் கேட்டு, அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். எண்ணை ஒரு சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். காலையில் லோடு இருக்கும், மதியம் கூப்பிட்டால் எடுப்பார். இந்த முறை இரண்டு பிள்ளைகள் என்று எழுதுங்கள். கௌசியாவின் பெயரை முதலில் எழுதுங்கள்.

உங்கள் தங்கை
ஷைமா